கோடு விழாத அட்டை

மாத்திரை அட்டைகளை முதலில் பார்த்தவள் நான்தான். அதனால் இதையெல்லாம் ஆரம்பித்து வைத்தவள் என்று யாராவது என்னைச் சொன்னால் மறுக்க முடியாது.

பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாம் வகுப்புக்குள் போன பிறகுதான் நான் பின்பக்கம் பெருக்கப் போவேன். பையன்கள் கழிப்பறைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டிக்கும் மதில் சுவருக்கும் நடுவில் இரண்டு பேர் ஒண்டி நிற்கிற அளவுக்கு இடம். அங்கே அன்றைக்கு ஐந்தாறு அட்டைகள் கிடந்தன. எல்லாம் மாத்திரையைப் பிதுக்கி எடுத்த வெற்று அட்டை. பக்கத்தில் ஒரு பாட்டில் மூடி, அதில் எதையோ குழைத்துக் காய்ந்த வெள்ளை. கொஞ்சம் தள்ளி ஓர் ஊசி.  அதைத் துடைப்பத்தால் தொடவே பயமாக இருந்தது.

எல்லாவற்றையும் பழைய நியூஸ் பேப்பரில் தள்ளி மடித்துத் தலைமையாசிரியை அறைக்கு எடுத்துப்போனேன். உள்ளே கூப்பிடாமல் நான் போக மாட்டேன். கதவோரம் நின்றேன். அந்த அம்மா தலை நிமிர்ந்து பார்க்கக் கொஞ்ச நேரம் ஆனது.

“என்ன ஆயாம்மா?”

பிரித்துக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்லம்மா.”

“சொல்லாதீங்க.”

நான் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல ஆளும் இல்லை, பழக்கமும் இல்லை. ஆனால் அந்த வாரமே பத்தாவது படிக்கிற பையன் ஒருவன் பஸ் ஸ்டாப்பில் வாயில் நுரை தள்ளி விழுந்தான். பாண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு மரக்காணம் முழுக்க அதே பேச்சுதான்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐந்தாவது வரைக்கும் படித்தேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே உப்பளத்து வேலை. முட்டி தேய்ந்து மூட்டை தூக்க முடியாமல் போன பிறகு இந்தப் பள்ளிக்கூடத்தில் ஆயாவாகச் சேர்ந்தேன். பெருக்குவது, கழுவுவது, மணி அடிப்பது, டீ வாங்கி வருவது. பெண்பிள்ளைகளுக்கு வயிற்று வலி, மாதத் தூரம் என்றால் என்னிடம்தான் வருவார்கள். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் நான் பேச மாட்டேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆசிரியர்களில் பாதிப் பேருக்கு என் குரலே தெரியாது.

பெற்றோர் கூட்டம் ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. ஹாலில் நாற்காலி போதாமல் ஆண்கள் சுவரோரம் நின்றார்கள். நான் டீ தட்டோடு சுற்றிக்கொண்டிருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

தாளாளர் ஐயா நேராக விஷயத்துக்கு வந்தார். அவருக்குப் பள்ளிக்கூடமும் உண்டு, உப்பளமும் உண்டு. நான் அவருடைய பாத்தியில் உப்பு வாரியவள்தான்.

“ஒரு பையன் சாகத் தெரிஞ்சான். இன்னொண்ணு நடந்தா நான் கேட்ட இழுத்துப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான். ஒம்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் எல்லாருக்கும் டெஸ்ட். திண்டிவனத்துல இருந்து லேப் ஆளுங்க வருவாங்க. யூரின்தான், ஊசி கிடையாது. பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க.”

கிளியனூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் எழுந்தார். “எம்பையன் பீடி வாசன கூட அறியாதவன் சார். அவனத் திருடன் மாதிரி வரிசையில நிக்க வெப்பீங்களா?”

“அறியாதவனுக்கு டெஸ்ட் குடுக்க இன்னாய்யா பயம்?” என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

“பயமில்லன்னா நீ மொதல்ல புடிச்சிக் குடு. காலையிலயே ஊத்திக்கினு வந்து நிக்கிற, வாசன இங்க வரைக்கும் அடிக்குது.”

ஹால் சிரித்தது. தாளாளர் சிரிக்கவில்லை.

கூனிமேட்டில் துணிக்கடை வைத்திருக்கிற பாய் கையைத் தூக்கிவிட்டு நிதானமாகப் பேசினார். “டெஸ்ட் வேணும் சார். நான் எதுக்க மாட்டேன். எங்க தெருவுலயே ரெண்டு புள்ளைங்கள பாத்துட்டேன். ஆனா பேர மைக்குல படிக்கக் கூடாது. தப்பு பண்ணவனுக்கும் ஒரு இஜ்ஜத் இருக்குது, மானம் இருக்குது. அத்தா அம்மாவக் கூப்ட்டு ரூம்ல வெச்சி சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் போட்டு ஒடைச்சீங்கன்னா அப்பறம் அவன் எங்க திரும்பி வருவான்?”

“பையனுங்களுக்கு வெச்சிக்குங்க சார்,” என்றாள் ஓர் அம்மா. இடுப்பில் குழந்தையோடு எழுந்து நின்றாள். “பொட்டப் புள்ளைங்களுக்கு எதுக்கு? பள்ளிக்கூடத்துல மூத்திரம் புடிச்சிப் பாத்தாங்கன்னா ஊர்ல இன்னான்னு பேசுவாங்க? நாளைக்கிப் பொண்ணு பாக்க வர்றவன் கேப்பான்.”

“அந்த டெஸ்ட் வேறம்மா, இது வேற,” என்றார் தலைமையாசிரியை.

“வேறன்னு உங்களுக்குத் தெரியும் மேடம், எனக்குத் தெரியும். கீழ்புத்துப்பட்டுல எங்க மாமியாருக்குத் தெரியுமா?”

மறுபடி சிரிப்பு. ஆனால் பெண்கள் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள்.

கணக்கு வாத்தியார், “விக்கிறவன் யாருன்னு எல்லாருக்கும் தெரியும். அவன விட்டுட்டு வாங்கறவன் மூத்திரத்தப் புடிக்கிறோம்,” என்று ஆரம்பித்தார்.

“அது போலீஸ் வேலை சார். நம்ம வேலையைப் பாருங்க,” என்றார் தாளாளர்.

கடைசியில் தலைமையாசிரியை கேட்டார், எல்லார் முன்னாலும். “வந்துடுச்சின்னா என்ன பண்றதா இருக்கீங்க ஐயா? கவுன்சிலிங் குடுக்கலாம். டிசின்னா நான் ஒத்துக்க மாட்டேன்.”

“கவுன்சிலிங் குடுத்து முடிக்கறதுக்குள்ள அவன் நாலு பேரக் கெடுத்துடுவான். வந்தா டிசி. அவ்ளோதான்.”

 பேப்பர் சுற்றி வந்தது. சிலர் படிக்காமல் போட்டார்கள், சிலர் படித்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே போட்டார்கள். கிளியனூர்க்காரர் மட்டும் போடாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அவர் பையனுக்கு அடுத்த வாரம் வேறு பள்ளிக்கூடம் என்று கேள்விப்பட்டேன்.

நான் மனசுக்குள் டெஸ்ட் பக்கம்தான் இருந்தேன். அந்த ஊசியைப் பார்த்தவள் நான். தலைமையாசிரியையைத் தவிர அதை வேறு யாரும் பார்க்கவில்லை.

கூட்டம் முடிகிற நேரத்தில் என்னோடு அளத்தில் வேலை செய்த ஒருத்தி ஓடி வந்தாள். வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். கணுக்கால் வரைக்கும் உப்பு பூத்து வெள்ளையாக இருந்தது. அவள் பெண் பதினொன்றாவது படிக்கிறாள், பயாலஜி. நர்ஸ் படிப்புக்குப் போக வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு ஆசை. அவர்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது அவள் ஒருத்திதான். சனி ஞாயிறு அம்மாவோடு அளத்துக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் வருவாள்.

“யக்கா, எங்க போடணும்?” என்று என்னிடம் கேட்டு, நான் காட்டிய இடத்தில் பேரை எழுதினாள். “நம்ம பொண்ணுக்கு இன்னா வந்துடப் போவுது. போட்டுட்டேன்.”

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இங்கே அளத்து மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. இருட்டு கலைவதற்கு முன்னால் பாத்தியில் இறங்கி, பலகையால் உப்பை இழுத்து இழுத்து, வரப்பில் குவித்து, கூடையில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுகிறவர்களுக்கு உடம்பில் வலி இல்லாத இடம் கிடையாது. கழுத்து, இடுப்பு, குதிகால் வெடிப்பு. அதனால் இறங்குவதற்கு முன் டீயோடு ஒரு மாத்திரை. டீ குடித்தாயா என்று கேட்கிற மாதிரி மாத்திரை போட்டாயா என்று கேட்பார்கள். மேஸ்திரியே வாங்கி வைத்திருப்பார். கத்தரியால் ஒன்றொன்றாக வெட்டியிருப்பதால் அட்டையில் ஓர் எழுத்தும் முழுசாக இருக்காது. அதன் பேர் எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. போட்டால் வலி தெரியாது, கொஞ்சம் தெம்பாகக்கூட இருக்கும். அது போதும்.

அளத்தை விட்டு வந்த பிறகும் எனக்கு அது நிற்கவில்லை. முட்டி வலி. பழைய கூட்டாளிகள் நாலைந்து கொடுத்து வைப்பார்கள். இடுப்பில் செருகிய பையில் வெற்றிலையோடு அதுவும் இருக்கும். வலி என்று வருகிற பெரிய பெண்களுக்கும் ஒன்று கொடுப்பேன். ஆபீஸ் அறையில் மருந்துப் பெட்டி உண்டுதான். ஆனால் சாவி கிளார்க் சாரிடம் இருக்கிறது. அவரிடம் போய் எந்தப் பெண் தூரமென்று சொல்லி மாத்திரை கேட்பாள்?

கூட்டம் நடந்ததற்கு அடுத்த திங்கட்கிழமை அந்தப் பெண் என்னிடம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது. முந்தின நாள் முழுக்க மூட்டைக்கு உப்பு அள்ளிப் போட்டிருக்கிறாள். அதோடு தூரமும் சேர்ந்துகொண்டது.

“ஆயா, ஒண்ணு குடேன். கழுத்து திரும்பல. மூணாவது பீரியடு பயாலஜி டெஸ்ட் இருக்குது.”

கொடுத்தேன். செவ்வாய்க்கிழமையும் வந்தாள், கொடுத்தேன். எனக்கு வித்தியாசமாக எதுவும் தோன்றவில்லை. பையன்கள் மதில் சுவர் பக்கம் போட்டது போதை மாத்திரை, நாங்கள் போடுவது வலி மாத்திரை. அது வேறு, இது வேறு என்றுதான் இருந்தேன்.

புதன்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் லேப் வண்டி வந்து நின்றது.

ஒரு பெண்ணும் இரண்டு ஆண்களும் இறங்கினார்கள். அட்டைப் பெட்டி பெட்டியாகக் கிண்ணங்கள், மூடி போட்ட பிளாஸ்டிக் கிண்ணங்கள். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். “ஆயாம்மா, நீங்கதான் கேர்ள்ஸ் பாத்ரூம் வாசல்ல நிக்கணும். தண்ணி கலந்துடாம பாத்துக்கணும். கதவத் தாழ்ப்பா போட விடாதீங்க.” சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இத்தனை வருஷத்தில் அந்த வாசலில் நான் நிற்பது வேறு காரணத்துக்காக. யாருக்காவது துணி வேண்டுமென்றால் நீட்ட, தண்ணீர் வரவில்லையென்றால் வாளி கொடுக்க. அன்றைக்கு உள்ளே என்ன சத்தம் கேட்கிறது, தண்ணீர்ச் சத்தமா மற்றதா என்று காது கொடுத்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் கிண்ணத்தைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு வந்தார்கள். என்னைத் தாண்டும்போது கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

ஒன்பதாவதுப் பெண் ஒருத்திக்கு வரவே இல்லை. மூன்று முறை உள்ளே போய் வெறுங்கிண்ணத்தோடு வந்தாள்.

“தண்ணி குடிடி.”

“ரெண்டு பாட்டில் குடிச்சிட்டேன் ஆயா. நீ நிக்கறன்னு தெரிஞ்சா வரமாட்டேங்குது.”

நான் நாலடி தள்ளிப் போய் நின்றேன். அதற்குள் மதில் சுவருக்கு மேலே இரண்டு பையன்கள் தலை தெரிந்தது. “இன்னா, ஜூஸ் கடையா? எனக்கும் ஒண்ணு,” என்று ஒருவன் கத்தினான். வரிசையில் நின்ற ஒரு பெண் செருப்பைக் கழற்றிக் காட்டினாள். தலைகள் மறைந்தன. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பதினொன்றாவதுப் பெண் பயமில்லாமல்தான் வந்தாள். கிண்ணத்தில் பேர்ச் சீட்டு ஒட்டி, லேப் பெண் உட்கார்ந்திருந்த மேசையில் அவளே வைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சின்னதாக ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.

நான் காலிப் பெட்டிகளை எடுக்க மேசைப் பக்கம் போனேன். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஓர் அட்டையை முக்கி எடுத்து வரிசையாக வைத்திருந்தார்கள். அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள், அதில் சிவப்புக் கோடுகள். எல்லா அட்டையிலும் எல்லாக் கட்டத்திலும் இரண்டு கோடு விழுந்திருந்தது. இவள் அட்டையில் மட்டும் ஒரு கட்டத்தில் ஒரு கோடு குறைந்தது.

எனக்குத் தெரிந்த அட்டை ஒன்றுதான், பிள்ளை உண்டாகியிருக்கிறதா என்று பார்க்கிறது. அதில் இரண்டாவது கோடு விழுந்தால் உண்டு, விழாவிட்டால் இல்லை. அதனால் மற்றப் பிள்ளைகளை நினைத்துத்தான் பயந்தேன். இத்தனை பேருக்குக் கோடு விழுந்திருக்கிறதே, இவள் ஒருத்திதானா சுத்தம் என்று நின்றேன்.

“இவளுதுதாம்மா நல்லா இருக்குது,” என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

லேப் பெண் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பாட்டிம்மா, இதுல கோடு விழலன்னாதான் இருக்குதுன்னு அர்த்தம்,” என்றாள். வேறு அட்டையைப் பிரித்து மறுபடி முக்கினாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் நின்றேன். மற்றக் கட்டத்தில் எல்லாம் சிவப்பு மெதுவாக ஏறி வந்தது. அந்த ஒரு கட்டத்தில் இரண்டாவது கோடு வரவே இல்லை.

“இது என்ன மருந்தும்மா?” என்று கேட்டேன்.

“வலி மாத்திரை வகை. பெருசா ஆபரேஷன் பண்ணவங்களுக்குக் குடுக்கறது. பசங்க இதைத்தான் கரைச்சி ஏத்திக்கறாங்க.”

என் கை தானாக இடுப்புப் பைக்குப் போனது. பிறகு அதை விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தேன். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் வேறு யாரும் இல்லை, லேப் பெண் ஒருத்திதான். அப்படியும் சொல்லவில்லை.

மதியத்துக்குள் மூன்று பேருடைய பேர் எழுதப்பட்டது. இரண்டு பையன்கள், இவள் ஒருத்தி. இவளைத் தலைமையாசிரியை அறைக்குக் கூப்பிட்டார்கள். தாளாளரும் வந்துவிட்டார். நான் வழக்கம்போல் கதவோரம் நின்றேன்.

“என்ன சாப்ட்ட? யார் குடுத்தா?” என்று தாளாளர் கேட்டார்.

“ஒண்ணும் சாப்புடல சார்.”

“அட்டை பொய் சொல்லுதா?”

“ஒண்ணும் சாப்புடல சார்.”

“பொய் சொல்லாத. யார் குடுத்தான்னு சொன்னா யோசிக்கலாம். பசங்க யாராவதா?”

அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் திரும்பிப் பார்த்துவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் வேண்டிக்கொண்டது உண்மை. இந்த வேலை போனால் மறுபடி அளத்துக்குப் போக எனக்கு முட்டி இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் போதை மாத்திரை கொடுத்த கிழவி என்று போலீஸ் வருமோ என்று வேறு பயம்.

“அவங்கம்மாவுக்குப் போன் போடுங்க. நாளைக்கி டிசி,” என்றார் தாளாளர்.

“பதினொண்ணாவது நடுவுல இந்தக் காரணத்தோட டிசி குடுத்தா எந்த ஸ்கூல்லயும் சேக்க மாட்டாங்க ஐயா,” என்றார் தலைமையாசிரியை. “கொஞ்சம் விசாரிச்சிப் பாக்கலாம்.”

“கையெழுத்து வாங்கியிருக்கோம். ஒருத்திக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்.”

அம்மாக்காரி ஒரு மணிநேரத்தில் வந்தாள். என்ன ஏது என்று சொன்னதும் அவளுக்கு முதலில் விளங்கவில்லை. மூத்திர டெஸ்டில் உன் பெண் மாட்டிக்கொண்டாள் என்றதும் அவள் புரிந்துகொண்டது வேறு. கூட்டத்தில் இடுப்புக் குழந்தையோடு எழுந்து நின்ற அம்மா பயந்தது எதுவோ அதையே இவளும் நினைத்தாள். ஆபீஸ் வராந்தாவில், மதியச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் வெளியே வந்த நேரம், பெண்ணின் தலைமயிரைப் பிடித்து இரண்டு கன்னத்திலும் மாறி மாறி அறைந்தாள்.

“யாருடி? யாருடி அவன்?”

தலைமையாசிரியை ஓடி வந்து பிடித்து இழுத்து, அது இல்லம்மா, போதை மாத்திரை என்று சொன்னார். அதைக் கேட்டு அம்மாக்காரி இன்னும் ஒரு அறை விட்டாள். பிறகு அப்படியே தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூடமே பார்த்துக்கொண்டு நின்றது. அந்தப் பெண் அழவில்லை. அப்போதும் என் பேரைச் சொல்லவில்லை.

நான் போய் மணி அடித்தேன். பிள்ளைகள் உள்ளே போகட்டும் என்றுதான். மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அன்றைக்கு என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தேன். சாப்பிடவும் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் நான் கேட்டைத் திறக்கும்போது அவள் வெளியே மரத்தடியில் நின்றிருந்தாள், தனியாக. அம்மா பின்னால் வருகிறாள் என்றாள். கன்னம் வீங்கியிருந்தது.

“ஏன்டி சொல்லல?” என்று கேட்டேன்.

“நான் சொன்னா உன்னக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும். அப்பறம் நீ எங்க போவ?” என்றாள். பிறகு, “நீயே சொல்லுவன்னு பாத்துக்கினே இருந்தேன் ஆயா,” என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பத்து மணிக்கு எல்லாரும் அறையில் உட்கார்ந்தார்கள். தாளாளர், தலைமையாசிரியை, டிசி புத்தகத்தோடு கிளார்க் சார், அம்மாவும் பெண்ணும். முந்தின நாள் லீவு போட்ட பிள்ளைகளுக்கு டெஸ்ட் எடுக்க லேப் பெண்ணும் வந்து ஓரத்தில் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பையன்கள் இரண்டு பேருடைய டிசி அதற்கு முன்னாலேயே எழுதியாகிவிட்டது. ஒருவனுடைய அப்பா கேட்டுக்கு வெளியே நின்று கத்துவது அறை வரைக்கும் கேட்டது.

கூப்பிடாமல் அன்றைக்குத்தான் உள்ளே போனேன். மேசைக்கு நேராகப் போய் இடுப்புப் பையை அவிழ்த்து, வெற்றிலையோடு மீதி இருந்த மூன்று மாத்திரைத் துண்டுகளையும் கொட்டினேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். தாளாளர் நிமிர்ந்ததும் எல்லாம் போய்விட்டது. உதடு ஆடுகிறது, சத்தம் வரவில்லை.

“இன்னா இது? வெத்தல பாக்கெல்லாம் இங்க எதுக்குக் கொட்டற?” என்றார். மாத்திரையை அவர் சரியாகப் பார்க்கவில்லை. “போய் டீ எடுத்துக்கினு வா.”

நான் திரும்பினேன். லேப் பெண்ணின் அடுக்கிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நேராகப் பெண்கள் கழிப்பறைக்குப் போனேன். தாழ்ப்பாள் போடவில்லை.

திரும்பி வந்து கிண்ணத்தை அவர் மேசையில் டிசி புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். கிளார்க் சார் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார்.

“பைத்தியமா உனுக்கு?” என்றார் தாளாளர்.

“என்னுதையும் பாருங்க,” என்றேன்.

லேப் பெண் என்னைப் பார்த்தாள். மேசையிலிருந்த மாத்திரைத் துண்டுகளைப் பார்த்தாள். புது அட்டையைப் பிரித்து முக்கினாள். “அஞ்சி நிமிஷம் ஆவும் சார்,” என்றாள்.

அந்த ஐந்து நிமிஷம் யாரும் எழுந்து போகவில்லை. கேட்டில் அந்த அப்பாவின் கத்தல் நிற்கவில்லை. ஒரு கட்டத்தில் கோடு ஏறியது, அடுத்ததில் ஏறியது. தலைமையாசிரியை மேசை மேல் குனிந்துகொண்டார். கோடு விழக் கூடாது, விழக் கூடாது என்று நான் நிற்கிறேன். முட்டி வலிக்கு இத்தனை வருஷம் போட்ட மாத்திரை, இன்றைக்குப் பார்த்து அது என்னைக் கைவிட்டுவிட்டால் என்ன செய்வது?

விழவில்லை. அந்தப் பெண்ணுக்கு எந்தக் கட்டமோ அதே கட்டம்.

அதற்குப் பிறகு பேச்சு வந்தது. “நான்தான் குடுத்தேன். திங்கக்கெழம ஒண்ணு, செவ்வாக்கெழம ஒண்ணு. வலின்னு வந்துச்சி. அது இன்னா மாத்திரைன்னு எனக்குத் தெரியாது, அதுக்கும் தெரியாது. நேத்து சொல்லியிருக்கணும். சொல்லல.”

“எங்கருந்து வந்துது உனக்கு இது?” என்றார் தாளாளர். குரல் ஏறிவிட்டது.

நான் பதில் சொல்வதற்குள் அம்மாக்காரி எழுந்து வந்து மாத்திரைத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். “இதா? இதுக்கா எம்பொண்ண நிக்க வெச்சீங்க? இது உங்க அளத்துல மேஸ்திரி குடுக்கறதுதான் ஐயா. காலையில இத போட்டாதான் நாங்க எறங்கறோம். சனி ஞாயிறு அதுவும் எங்கூட போட்டுக்கும். உங்க அளத்துக்கு நூறு அட்ட எடுத்துக்கினு வாங்க. ஒருத்திக்கும் கோடு விழாது.”

தாளாளர் அவள் கையிலிருந்த மாத்திரையைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருந்ததா, தெரியாதா என்று எனக்குச் சொல்ல முடியவில்லை. “இது வெளிய போக வேணாம்,” என்றார். டிசி புத்தகத்தை மூடச் சொன்னார்.

தலைமையாசிரியை அந்தப் பெண்ணை வகுப்புக்கு அனுப்பினார். லேப் பெண் மாத்திரைகளை ஒரு கவரில் போட்டு வாங்கிக்கொண்டு, நான் இனிமேல் இதைத் தொடவே கூடாது, நிறுத்துவதையும் டாக்டரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்றாள். என்னை ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். மருந்துப் பெட்டிச் சாவி அன்றைக்கே கிளார்க் சாரிடமிருந்து ஓர் ஆசிரியைக்கு மாறியது. டெஸ்ட் நிறுத்தப்பட்டதாக யாரும் அறிவிக்கவில்லை. அதற்குப் பிறகு லேப் வண்டி வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த இரண்டு பையன்களின் டிசியை யாரும் திரும்ப வாங்கவில்லை. ஒருவன் தப்பு செய்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன். இன்னொருவனைப் பற்றி எனக்குத் தெரியாது. அவன் வீட்டில் என்ன வேலை, அவன் என்ன விழுங்கினான், யார் கொடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்குக் கிளம்பி கேட் பக்கம் வந்தபோது அம்மாக்காரி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கொஞ்சம் நின்றாள்.

“நேத்தே சொல்லியிருந்தீன்னா, அத்தினி புள்ளைங்க முன்னாடி அத நான் அடிச்சிருக்க மாட்டேன் யக்கா,” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. பாத்திக்குத் தண்ணீர் எப்போது விடுகிறார்கள் என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.  பதிலுக்கு அவள் நிற்கவில்லை. மதியத்துக்குள் மூட்டை தைக்கப் போக வேண்டும் என்று பஸ்ஸைப் பார்த்து ஓடினாள்.